இருபது மேசைக்கு இணையத் தொலைபேசி: எங்கே செலவழிப்பது, எங்கே கவனிப்பது

பல அலுவலகங்களில் இன்றும் இருக்கும் அமைப்பு இது: சுவரில் அழைப்புகளை மேசைகளுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டி, அதற்குள் வரும் நாலைந்து லேண்ட்லைன், அங்கிருந்து மேசைக்கு மேசை ஓடும் ஒற்றை ஜோடி வயர். இணையத் தொலைபேசிக்கு மாறினால், பெட்டியின் வேலையை ஒரு சின்ன கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதில் ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள் ஓடும். லேண்ட்லைன்களின் இடத்துக்கு, ஒரே நேரத்தில் பல அழைப்பு போகும் எஸ்.ஐ.பி டிரங்க் வரும். ஜோடி வயரின் இடத்துக்கு லேன் கேபிள் வரும்.

புதிதாக இறங்குபவர்கள் மாதக்கணக்கில் சர்வரைத் தேடுவார்கள், எல்லா லேன் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சைக் கடைசி நாளில் கையில் கிடைத்ததாக வாங்குவார்கள். இது தலைகீழ். இருபது போனுக்கு சர்வர் செய்யும் வேலை மிகக் குறைவு. குரல் கெடுவதெல்லாம் கேபிளிலும் ஸ்விட்சிலும் மின்சாரத்திலும் ரவுட்டரிலும்தான். பணமும் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஒரு அழைப்பு இரண்டு பாதைகளில் போகிறது. யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற பேச்சுவார்த்தை எஸ்.ஐ.பி வழியில் நடக்கிறது. அது வழக்கமாக 5060ஆம் போர்ட் (இங்கே போர்ட் என்பது எண் போட்ட ஒரு வாசல், வயர் செருகும் துளை இல்லை). பேசும் குரல் ஆர்.டி.பி என்ற வேறு வழியில் போகிறது. ஆஸ்டெரிஸ்கில் அதற்கு 10000 முதல் 20000 வரை போர்ட்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். மணி அடிக்கிறது, ஆனால் குரல் இல்லை என்றால் முதல் பாதை சரி, இரண்டாவது அடைபட்டிருக்கிறது. இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டவருக்குப் பாதிக் கோளாறு அப்போதே பிடிபட்டுவிடும்.

எத்தனை லைன் வேண்டும்?

இருபது பேருக்கு இருபது லைன் வேண்டியதில்லை. மிக நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஆளுக்கு 4 வெளி அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் மொத்தம் 240 நிமிடப் பேச்சு. அதை 60ஆல் வகுத்தால் 4. இதற்கு 4 எர்லாங் என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதர் எர்லாங் இதற்கான சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். அதன்படி 4 எர்லாங்குக்கு 8 சானல், அதாவது ஒரே நேரத்தில் 8 அழைப்புக்கு இடம், வைத்தால் நூற்றில் 3 அழைப்புக்கு லைன் கிடைக்காது. 10 சானல் வைத்தால் இருநூற்றில் ஒன்றுக்குத்தான் கிடைக்காது. ஆகவே 10 சானல் கேளுங்கள். விற்பனைப் பிரிவு நாள் முழுக்க போனிலேயே இருக்கும் என்றால் கணக்கை மறுபடி போடுங்கள், எண் வேகமாக ஏறும்.

இணைய வேகக் கணக்கும் எளிது. ஜி.711 என்ற சாதாரண முறையில் குரல் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டப்படுகிறது, செகண்டுக்கு 50 துண்டு. ஒரு துண்டில் குரல் 160 பைட். அதன் மேல் முகவரி எழுதும் தலைப்பு 40 பைட், ஈத்தர்நெட் உறை 18 பைட், ஆக 218. இதை 50ஆலும் 8ஆலும் பெருக்கினால் 87,200 பிட், அதாவது ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ். பத்து அழைப்புக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட வராது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறதே, குரல் ஏன் உடைகிறது என்று கேட்பவர்கள் பலர். காரணம் வேகம் போதாமை இல்லை, வரிசையில் காத்திருப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜி.711இல் இரண்டு வகை உண்டு. இந்தியாவில் ஏ-லா, அமெரிக்காவில் மியூ-லா. போன், சர்வர், டிரங்க் மூன்றிலும் ஏ-லாவை முதலில் வையுங்கள். மாற்றி வைத்தால் சர்வர் ஒவ்வொரு அழைப்பையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும்.

கேபிள், ஸ்விட்ச், மின்சாரம்

போனுக்குத் தனி அடாப்டர் வைக்காதீர்கள். லேன் கேபிளிலேயே மின்சாரம் தரும் பி.ஓ.இ ஸ்விட்ச் வாங்குங்கள். பெட்டியில் 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று எழுதியிருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 24 வோல்ட் பேசிவ் பி.ஓ.இ வகையில் மேசை போன்கள் ஓடாது, அவை 48 வோல்ட் முறைக்குச் செய்யப்பட்டவை. சிசிடிவிக்கு என்று விற்கும் ஸ்விட்சுகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 250 மீட்டர் வரை இழுக்கலாம் என்ற எக்ஸ்டென்ட் பொத்தானை யாராவது தட்டிவிட்டால் போர்ட்கள் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். போனின் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் நொண்டும், காரணம் யாருக்கும் தெரியாது.

எத்தனை வாட்? சாதாரண மேசை போன் நடப்பில் 3, 4 வாட்தான் எடுக்கும். ஆனால் கிளாஸ் 2 என்ற மின்சார வகுப்பில் வரும் போன் ஒன்றுக்கு ஸ்விட்ச் 7 வாட் ஒதுக்கி வைக்கும். இருபது போனுக்கு 140 வாட். ஆகவே 24 போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மொத்த பி.ஓ.இ பட்ஜெட் 180 வாட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்ஜெட் தீர்ந்தால் கடைசியில் செருகிய போன்கள் உயிர் பெறாது. போன் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு முனையைச் சீவி கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதில் மின்தடை அதிகம். நீளமான ஓட்டத்தில் மின்னழுத்தம் இறங்கும், போன் திரை வெளிச்சம் கூடும் நேரத்தில் அணைந்து மறுபடி எழும். கிரிம்ப் செய்த இடத்தில் கம்பி முறிவதும் இதில்தான். நீளம் எந்த ஓட்டத்திலும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மின்வெட்டுக் கணக்கு: போன்கள் 80 வாட், ஸ்விட்ச் 20, சர்வர் 30, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20, மொத்தம் 150 வாட். நம் ஊரில் எங்கும் இருக்கும் 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட்-அவர் இருக்கிறது. அதில் பாதியை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் 700க்கு மேல் நிற்கும், நாலரை மணி நேரத்துக்குப் போதும். பராமரிப்புப் பணி என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளை இரண்டு பேட்டரி வைத்தால் கடந்துவிடலாம். இன்வெர்ட்டரின் பின்புறம் இருக்கும் சுவிட்ச் யு.பி.எஸ் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நார்மல் பக்கம் இருந்தால் மாறும் அந்தக் கண நேரத்தில் சர்வரும் ஸ்விட்சும் அணைந்து எழும். எழுந்து இருபது போனும் மறுபடி பதிவாவதற்குள் சில நிமிடம் போய்விடும். ஃபைபர் பெட்டியை யு.பி.எஸ்ஸில் போட மறப்பதும் அடிக்கடி நடக்கிறது; உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும், வெளியே ஒரு அழைப்பும் போகாது.

சர்வர்

நாலு கோர் உள்ள சாதாரண ப்ராசஸர், 8 ஜிபி ரேம், ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் இரண்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி, இரண்டு நெட்வொர்க் போர்ட். இது தாராளம். ராஸ்பெர்ரி பையிலும் ஐந்தாறு போன் ஓடும், ஆனால் மெமரி கார்டில் அழைப்புப் பதிவுகளை எழுதவிட்டால் கார்டு தேய்ந்து ஒரு நாள் எழாமல் போகும்.

டிஸ்க் அளவைத் தீர்மானிப்பது ரெக்கார்டிங்தான். வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 58 எம்பி. எல்லாப் போனும் சேர்ந்து நாளுக்கு 40 மணி நேரப் பேச்சு என்றால் 2.3 ஜிபி, மாதம் 25 வேலை நாளுக்கு 58 ஜிபி. நாலு மாதத்தில் டிஸ்க் நிறைந்துவிடும். டிஸ்க் நிறைந்தால் ரெக்கார்டிங்கோடு நிற்காது, வாய்ஸ்மெயிலும் டேட்டாபேஸும் சேர்ந்து மண்டியிடும். பழையதைத் தானாக வேறு இடத்துக்கு நகர்த்தும் ஏற்பாட்டை முதல் நாளே செய்யுங்கள். பதிவு செய்கிறோம் என்று கூப்பிடுபவருக்கு அறிவிப்பு ஒலிப்பதும் அதே நாளில் செய்ய வேண்டிய காரியம்.

மென்பொருளில் தொடக்கக்காரருக்கு ஏற்றது ஃப்ரீபிபிஎக்ஸ். அடியில் ஓடுவது ஆஸ்டெரிஸ்க், மேலே பிரவுசரில் கிளிக் செய்யும் திரை. அதன் 17ஆம் பதிப்பு டெபியன் 12 என்ற லினக்ஸின் மேல் நிற்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிமுறைகளில் சேன்-சிப் (ஆஸ்டெரிஸ்கில் எஸ்.ஐ.பி பேசிய பழைய பகுதி) என்று வந்தால் விட்டுவிடுங்கள். ஆஸ்டெரிஸ்க் 21இலேயே அதை நீக்கிவிட்டார்கள். பி.ஜே.சிப்தான் இப்போது இருப்பது.

இரண்டாவது நெட்வொர்க் போர்ட் எதற்கு? நம் நாட்டில் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எஸ்.ஐ.பி டிரங்கைப் பெரும்பாலும் தனி ஃபைபரில், 10 என்று தொடங்கும் உள்முகவரியோடு தருகின்றன. அந்த வயர் நேராக சர்வரின் இரண்டாவது போர்ட்டில் செருகப்படும். பயனர் பெயர், பாஸ்வேர்டு எதுவும் இருக்காது. உங்கள் முகவரியே அடையாளம். அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் வழியை மட்டும் இந்தப் போர்ட்டில் எழுதி, மற்ற எல்லாப் போக்குவரத்தையும் முதல் போர்ட்டில் விடுங்கள். இரண்டு போர்ட்டிலும் டீஃபால்ட் கேட்வே (வேறு வழி எழுதாத எல்லாம் போகும் பொது வழி) கொடுத்தால் பதில் எந்த வழியில் போகும் என்று சொல்ல முடியாது, அழைப்பு ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது.

போன்கள்

வரவேற்பறைக்கு யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று விளக்கெரியும் பொத்தான்கள் நிறைய உள்ள போன். மற்ற மேசைகளுக்கு இரண்டு லைன் உள்ள சாதாரண போன். கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க், ஃபேன்வில் மூன்றிலும் கிடைக்கும். குடோனில் நடமாடுபவருக்கு டெக்ட் கார்ட்லெஸ். வாசல் காவலரின் பழைய போனைத் தூக்கிப்போட வேண்டாம், கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி 801 போன்ற சின்ன அடாப்டர் வைத்தால் அது ஒரு எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும்.

போனின் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும், ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மலிவு மாடலில் இவை 100 எம்பிபிஎஸ் மட்டுமே. பெரிய கோப்புகளோடு வேலை பார்ப்பவருக்கு ஜிகாபிட் மாடல் கொடுங்கள். இன்னொன்று: மேசையைத் துடைக்கும்போது கழன்ற வயரை யாராவது இரண்டு போர்ட்டிலிருந்தும் சுவருக்கே செருகிவிட்டால் நெட்வொர்க்கில் சுழல் உண்டாகி மொத்த அலுவலகமும் நின்றுவிடும். ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ வசதி இருந்து, அது ஆன் ஆகியிருந்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் அணைந்து மற்றவை பிழைக்கும்.

பொருத்தும் வரிசை

முதலில் போனுக்குத் தனி வி.லேன், அதாவது அதே ஸ்விட்சுக்குள் தனியாக ஓடும் நெட்வொர்க், பிரியுங்கள். எல்.எல்.டி.பி (ஸ்விட்சும் செருகிய சாதனமும் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை) தெரிந்த ஸ்விட்ச் என்றால், போன் செருகியதும் அதை அந்த வி.லேனுக்குள் தானாக அனுப்பிவிடும். பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் பழைய வி.லேனிலேயே இருக்கும். பிறகு சர்வருக்கு மாறாத முகவரி, கொல்கத்தா நேர மண்டலம். அதன் பிறகு எக்ஸ்டென்ஷன்கள்.

எக்ஸ்டென்ஷன் எண்களை 100இல் தொடங்க வேண்டாம். நம் ஊரில் 100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 எல்லாவற்றுக்கும் பொது. 108 என்பது கணக்குப் பிரிவு எக்ஸ்டென்ஷனாக இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மணி பக்கத்து அறையில் அடிக்கும். 201இல் தொடங்குங்கள். வெளியே போகும் வழிகளில் அவசர எண்களைத் தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள், முன்னொட்டு எதுவும் கேட்காதபடி.

லேண்ட்லைன் எண்ணிலிருந்து மொபைலுக்குப் போட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 கட்டாயம். மொபைலில் பழகிய கை வெறும் பத்து இலக்கத்தைத்தான் அழுத்தும். ஆகவே 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் 0 சேர்த்து அனுப்பு என்று டயல் விதியில் எழுதிவிடுங்கள். சில டிரங்குகள் 91 முன்னொட்டோடுதான் கேட்கும். தரும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு போனைப் பதிவு செய்ததும் *43 அழுத்துங்கள். அது எதிரொலிச் சோதனை, பேசியது திரும்பக் கேட்கும். இங்கேயே குரல் வரவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது, டிரங்க் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. உள் அழைப்பு, வெளி அழைப்பு, உள்ளே வரும் அழைப்பு என்று ஒன்று சரியான பிறகே அடுத்தது. இருபது போனையும் கையால் நிரப்ப வேண்டாம். ஒவ்வொன்றின் மேக் முகவரிக்கும் (சாதனத்தோடு பிறந்த அடையாள எண்) ஒரு அமைப்புக் கோப்பை சர்வரில் வைத்து, போன்களுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி-யில் 66ஆம் ஆப்ஷனில் சர்வர் முகவரியைக் கொடுத்தால், போன் எழும்போதே தன் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்.

எங்கே கோளாறு வரும்

ஒரு பக்கம் மட்டும் குரல். இதுதான் மிக அதிகம். டிரங்க் பொது இணையம் வழியாக வரும்போது, சர்வர் அழைப்பைத் தொடங்கும் செய்திக்குள் 'உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று எழுதுகிறது. அங்கே 192.168.1.50 என்று எழுதிவிட்டால் எதிர்முனை அதை எங்கே தேடும்? அது உங்கள் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி. நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களை வந்து சேராது. ஃப்ரீபிபிஎக்ஸின் எஸ்.ஐ.பி அமைப்பில் வெளி முகவரியையும் உள் நெட்வொர்க்கையும் சரியாக நிரப்பி, குரலுக்கான போர்ட்களை ரவுட்டரில் சர்வருக்குத் திருப்பிவிட்டால் தீரும். ரவுட்டரில் எஸ்.ஐ.பி ஏ.எல்.ஜி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாக நினைத்து செய்திக்குள் கை வைத்துக் குழப்புவது அதன் வழக்கம்.

அழைப்பு சரியாக 32 செகண்டில் அறுகிறதா? அதற்கும் காரணம் இதன் தம்பிதான். எடுத்தாயிற்று என்ற செய்திக்கு உறுதி வர வேண்டும். முகவரி தவறாக இருந்து அது வராவிட்டால் அனுப்பிய பக்கம் 32 செகண்ட் முயன்று பார்த்துவிட்டு வைத்துவிடும். 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் இடையில் நடக்கும் செஷன் புதுப்பிப்பு செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்குகிறது. அதனால்தான், அழைப்பு அறுகிறது என்று புகார் வந்தால் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை செகண்டில்?' என்பது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் வெளியே கூப்பிட முடிகிறது, சில நிமிடம் கழித்து அவருக்கு மணி வரவில்லை என்றால், வீட்டு ரவுட்டர் சும்மா கிடந்த பாதையை மூடிவிட்டது. போனில் கீப்-அலைவை (பாதையை விழித்திருக்க வைக்கும் சின்னச் செய்தி) 30 செகண்டுக்கு வையுங்கள்.

'ஆங்கிலத்துக்கு 1ஐ அழுத்தவும்' என்று சொல்லி அழுத்தினாலும் நகரவில்லை என்றால், எண் அழுத்தும் ஒலியை அனுப்பும் முறை இரண்டு முனையிலும் ஒன்றாக இல்லை. இரண்டிலும் ஆர்.எஃப்.சி 4733 (பழைய பெயர் 2833) தேர்ந்தெடுங்கள்.

இப்போது அந்த வரிசைக்கு வருவோம். 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள இணைப்பில் யாரோ டாலி பேக்கப்பை மேகத்துக்கு ஏற்றுகிறார். இணைய நிறுவனத்தின் பெட்டியில் அரை எம்பி டேட்டா முன்னால் நின்றால், பின்னால் வந்த குரல் துண்டு 400 மில்லிசெகண்ட் காத்திருக்கும். உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு பரிந்துரைப்பதோ ஒரு திசைக்கு 150 மில்லிசெகண்ட். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இதற்கு மருந்து கூடுதல் வேகம் இல்லை. உங்கள் ரவுட்டரில் அப்லோடை 9 எம்பிபிஎஸ்ஸாகக் கட்டுங்கள், அப்போது வரிசை உங்கள் கைக்குள் வரும். அந்த வரிசையில் டி.எஸ்.சி.பி 46 முத்திரை உள்ள குரல் துண்டுகளை முன்னால் விடுங்கள். போன்கள் அந்த முத்திரையைத் தாமே குத்தி அனுப்பும், ரவுட்டர் மதிக்க வேண்டும், அவ்வளவே.

திருட்டு

5060ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் வெகு சீக்கிரம் யாரோ கதவைத் தட்டத் தொடங்குவார்கள். எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டு 201 என்று இருந்தால் சனிக்கிழமை இரவு உங்கள் லைனில் நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு பறக்கும். திங்கட்கிழமை காலையில் தெரிய வரும் தொகை உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் மென்பொருளே தரும் நீளமான பாஸ்வேர்டை வையுங்கள், போனின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டிரங்க் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் கதவு திறந்திருக்கட்டும். வெளியில் இருப்பவர்கள் வி.பி.என் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக வரட்டும். ஐ.எஸ்.டி தேவையில்லை என்றால் டிரங்கிலேயே பூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அதை உங்கள் சர்வரை உடைத்தவராலும் திறக்க முடியாது.

செலவு மிச்சம் என்று சொல்லி வெளிநாட்டு அழைப்புகளை இணையத்தில் வாங்கி உள்ளூர் சிம் கார்டுகள் வழியாக இறக்கிவிடும் சிம் பாக்ஸ் வேலைக்கு யாராவது உங்கள் சர்வரைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம்.

பழைய லேண்ட்லைன் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரண்டர் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் எச்.டி 813 போன்ற, லேண்ட்லைன் நுழையும் எஃப்.எக்ஸ்.ஓ போர்ட் உள்ள அடாப்டரில் கொடுத்து சர்வரோடு சேர்த்து வையுங்கள். ஃபைபர் அறுந்த நாளில் அவசர எண்கள் அந்த வழியே போகும்படி எழுதுங்கள். அந்த அடாப்டரில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நம் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்ட் ஒலி, முக்கால் செகண்ட் அமைதி. அமெரிக்க டோனுக்குக் காத்திருக்கும் அடாப்டர், எதிர்முனை வைத்த பிறகும் அது தெரியாமல் லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அடுத்த அழைப்புக்கு அந்த லைன் கிடைக்காது.